சட்டம் ஒன்று, சுமை வேறு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் வணிகவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "அரசுக் கட்டுப்பாடுகளும் சிறுதொழிலும் என்று ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். "நான் சாயப்பட்டறைக்காரனுங்க, எனக்கு என்ன தெரியும்" என்றேன். "அதனாலதான் கூப்பிடறோம்" என்றார். ஆகவே புத்தகத்தில் உள்ளதைச் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல இங்கே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். என் தப்பு இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1984-இல் இந்தக் கல்லூரியில் பி.காம். முடித்தேன். வணிகச் சட்டத் தாளில் முதல் வகுப்பு மதிப்பெண். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நாலு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினேன். 1988-இல் மாமனார் கொடுத்த பணம், வங்கிக் கடன், கொஞ்சம் கைமாற்று எல்லாம் சேர்த்து இரண்டு வின்ச் போட்டு ஒரு சாயப்பட்டறை ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் திருப்பூரில் அப்படித்தான். ஒருவர் நூல் வாங்குவார், இன்னொருவர் துணி பின்னுவார், மூன்றாமவர் வெளுப்பார், நாலாமவர் சாயம் போடுவார், ஐந்தாமவர் தைப்பார். ஊரே ஒரு பெரிய ஆலை. ஒவ்வொரு தெருவும் அதில் ஒரு டிபார்ட்மெண்ட்.

இப்படிச் சின்னச் சின்னதாக இருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அரசின் கொள்கையும் அதில் ஒன்று. சில பொருள்களைச் சிறுதொழில்கள் மட்டுமே தயாரிக்கலாம் என்று 1967-இல் 47 பொருள்களோடு ஒரு பட்டியல் தொடங்கியது. பிறகு அது 800-ஐயும் தாண்டியது. பின்னலாடையும் அந்தப் பட்டியலில் இருந்தது. மிச்சமிருந்த கடைசி 20 பொருள்களையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியல் எங்களுக்கு வேலி. ஆடு மேயாமல் காப்பாற்றியது உண்மை. ஆனால் வேலிக்குள் இருக்கிற செடி வேலி உயரத்துக்கு மேலே வளரத் தயங்கும் என்பதும் உண்மை. முதலீடு வரம்பைத் தாண்டினால் சலுகை போய்விடும். அதனால் இருக்கிற பட்டறையைப் பெரிசு பண்ணாமல், மனைவி பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று என்று புதிதாகப் போடுவார்கள். நான் பார்த்த சங்கதி இது.

பத்தாவது ஆள்

இப்போது என் முதல் தப்பைச் சொல்கிறேன்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. ஈ.எஸ்.ஐ.யும் பத்துப் பேரில் ஆரம்பம். வருங்கால வைப்புநிதி இருபது பேரில். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வகுப்பு வாங்கியவன் அல்லவா! ஆகவே என் மஸ்டர் ரோலில் எப்போதும் ஒன்பது பேர்தான். பட்டறையில் பதினாலு பேர் இருந்தாலும் நோட்டில் ஒன்பது பேர்.

அதை ஏதோ கஞ்சத்தனம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் ஒரு ஆள் சம்பளம் மட்டும் கூடுவதில்லை. லைசென்ஸ், கட்டட வரைபட ஒப்புதல், பதிவேடுகள், மாதாமாதம் சந்தா, ஆய்வுக்கு வருபவர்கள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே பின்னால் வரும். ஆயிரம் பேர் வைத்திருக்கும் ஆலையில் அதற்கென்று ஒரு பெர்சனல் மேனேஜர், அவருக்குக் கீழே நாலு கிளார்க். என் பட்டறையில் மேனேஜரும் நானே, கிளார்க்கும் நானே, பாய்லருக்கு விறகு வரவில்லை என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பவனும் நானே.

1997-இல் ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் வின்ச்சிலிருந்து கொதிக்கிற சாயத்தண்ணீர் ஒருவர் கையில் கொட்டிவிட்டது. முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோனது. அவர்தான் என் பத்தாவது ஆள். நோட்டில் இல்லாதவர். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், செலவு முழுக்க நான்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டேன் என்று மனசாறிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வந்து நின்றார். கோபமில்லாமல்தான் கேட்டார்: "ஏனுங்கண்ணா, கார்டு இருந்திருந்தா லீவு நாளுக்கும் காசு வருமாமே? இவரு பேரு நோட்டுலயே இல்லைன்னு சொல்றாங்க. இத்தனை வருஷமா அப்ப இவரு எங்கீங்கண்ணா வேலைக்கு வந்தாரு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் பதில் கிடையாது. வேலையில் காயம்பட்டவர்களுக்காக 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அது அவருக்கும் தெரியாது. வணிகச் சட்டத்தில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கும் ஞாபகம் வரவில்லை. வரம்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அடுத்த மாதம் பதினாலு பேரையும் நோட்டில் ஏற்றினேன். அதைச் செய்ய ஒரு மனுஷன் கை வேக வேண்டியிருந்தது என்பதுதான் என் வெட்கம்.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறியவனுக்கு விலக்கு என்று சட்டம் ஒரு கோடு போடும்போது, நல்லெண்ணத்தோடுதான் போடுகிறது. ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதே ஒரு தொழில் தந்திரமாகிவிடுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், மின்சாரம் உள்ள தொழிற்சாலைக்கான வரம்பு 20 பேர் என்று உயர்ந்திருக்கிறது. சிறியவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, சரி. ஆனால் பத்தாவது ஆள் நின்ற இடத்தில் இனி இருபதாவது ஆள் நிற்பார். அவரை யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆறு செத்த கதை

இரண்டாவது தப்பு என்னுடையது மட்டுமல்ல, ஒரு ஊருடையது. நொய்யலைச் சொல்கிறேன்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். அடர்ந்த ஷேடு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், அதற்கு மேலேயும் போடுவோம். உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடும், ஆனால் தான் துணியில் தங்காது. அலசுகிற தண்ணீரோடு முழுக்க வெளியே வந்துவிடும். வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராம், அதாவது சுமார் 2 கிராம்தான் இருக்கலாம் என்பது விதி. போடுவது 50, விடலாம் என்பது 2. அலசல் தண்ணீர் கலந்தாலும் கணக்கு எப்படிங்க சரியாகும்?

1990-களில் நாங்கள் பட்டறைக்காரர்கள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினோம். தனியாகக் கட்ட வசதியுள்ளவர்கள் தனியாகக் கட்டிக்கொண்டார்கள். வசதியில்லாதவர்கள் பங்குப் பணம் போட்டு, குழாய் பதித்து, ஒரே நிலையத்துக்கு அனுப்பினோம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுச் சுத்தம் பண்ணும் முறை. சிவப்பாகப் போன தண்ணீர் வெளுப்பாக வெளியே வந்தது. "நிறம் போயிடுச்சு, இனி பிரச்சினை இல்லை" என்று நாங்களும் நம்பினோம். நம்பாதவர்களும் நம்பியதுபோல் இருந்தார்கள். நிறம் போனது, உப்பு போகவில்லை.

கீழே சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டியிருந்தார்கள். அதில் எங்கள் சாயத்தண்ணீர் போய்த் தேங்கியது. அணை கட்டினால் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி விவசாயி கேட்பான். அங்கே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயியே கேட்டான்.

என் வகுப்புத் தோழர் ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொன்னால் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. 1990-களின் கடைசியில் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தென்னை குருத்து கருகி நின்றது. கிணற்று மேட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவர் ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு நீட்டினார். "ஏன்டா மாப்ள, உன் பட்டறைத் தண்ணிதான் இது. ஒரு வாய் குடிச்சுப் பாக்கறியா?" என்றார். நான் குடிக்கவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது, அதுவரை விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை பைசா அபராதம் என்று உத்தரவிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அப்படியும் முடியவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் மூடின. என்னுடையதும் மூடியது.

அந்த உத்தரவு தப்பு என்று இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன். என் நண்பரின் தென்னையைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது வேறு. ஒரே உத்தரவு, 700 பேர் மேல் 700 விதமாக விழுந்தது.

குருவி தலையில் பனங்காய்

ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றால் என்ன செய்ய வேண்டும்? முதலில் உயிரியல் முறையில் சுத்தம் பண்ண வேண்டும். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தித் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பும். மிச்சமுள்ள கெட்டி உப்புத் தண்ணீரை ஆவியாக்கி உப்பை எடுக்க வேண்டும். அதற்கு நீராவி, கரண்ட், படித்த ஆட்கள், ராப்பகலாகக் கவனிப்பு எல்லாம் வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சினியர்கள் பொதுவாகச் சொல்வார்கள்: இதுபோன்ற நிலையத்தின் கொள்ளளவு இரண்டு மடங்கானால் கட்டும் செலவு இரண்டு மடங்காவதில்லை, சுமார் ஒன்றரை மடங்கில் நின்றுவிடும். அப்படியானால் பெரிய ஆலைக்கு ஒரு கிலோ துணிக்கு விழும் செலவு குறைவு, சிறிய பட்டறைக்கு அதிகம். ஆனால் இருவரும் சாயம் போடும் கூலி ஒரே சந்தை விலை. பெரிய ஏற்றுமதிக்காரருக்குச் சொந்த நிட்டிங், சொந்தச் சாயம், சொந்தத் தையல். சாயத்தில் கூடும் செலவைச் சட்டை விலையில் கரைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வாங்குபவரிடம் "எங்கள் ஆலையில் ஒரு சொட்டும் வெளியே போவதில்லை" என்று சொல்லி ஆர்டரும் வாங்கலாம். ஜாப் ஒர்க் பண்ணும் நான் அதை யாரிடம் சொல்ல? என் பேர் அந்தச் சட்டையில் எங்கேயும் கிடையாது.

பெரியவர்களுக்கும் கஷ்டம் வந்தது, இல்லையென்று சொன்னால் அநியாயம். கோடிக்கணக்கில் கடன் வாங்கினார்கள். ஆனால் அவர்களுக்கு வங்கி கொடுத்தது. எங்களுக்கு வங்கி மேனேஜர் டீ கொடுத்தார்.

மூடியிருந்த காலம் ஒன்றரை வருஷம். என் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூடுதல் பங்குப் பணம் கட்ட, வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்றேன். நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அது இல்லையென்றால் நாங்கள் எழுந்திருக்கவே முடியாது, நன்றியோடு சொல்கிறேன். திறந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. ஒருவர் மளிகைக் கடை வைத்தார். ஒருவர் பெரிய ஆலையில் சாய மாஸ்டராகச் சேர்ந்துவிட்டார். இன்னும் சிலர் வேறு மாவட்டங்களில் ஆற்றோரமாகப் போய் ராத்திரியில் ஓட்டினார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தாங்க முடியாத சுமையை வைத்தால் சிலர் செத்துப்போகிறார்கள், சிலர் ஒளிந்துகொள்கிறார்கள். ஒளிந்துகொள்கிறவன் இன்னொரு ஆற்றைக் கெடுக்கிறான்.

அந்தச் சமயத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு இளம் அதிகாரியிடம் கேட்டேன், "ஏனுங்க சார், தினம் பத்து லட்சம் லிட்டர் விடறவருக்கும் எனக்கும் ஒரே விண்ணப்பமா?" என்று. பாவம், நல்ல மனுஷன். "நான் என்னங்க பண்றது, ஃபார்ம் ஒண்ணுதானே அச்சடிச்சிருக்காங்க" என்றார். அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபார்ம் ஒன்று. அதை நிரப்பப் பெரிய கம்பெனியில் ஒரு டிபார்ட்மெண்ட். என் பட்டறையில் என் தூக்கம்.

நல்லது செய்ய வரும் சட்டமும்

எங்களைக் காப்பாற்றவே வந்த சட்டங்களும் உண்டு. 2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்காரருக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. எவ்வளவு பலமான சட்டம் பாருங்கள்! ஆனால் வழக்குப் போட வேண்டியவன் நான், யார் மேல்? நாளைக்கு எனக்கு லாட் அனுப்பவேண்டியவர் மேல். மூன்று மடங்கு வட்டி வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் வின்ச்சைக் காயப்போடவா? அதனால் 120 நாள் கழித்துச் செக் வந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம்.

பிறகு வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எங்களுக்குக் குறித்த காலத்தில் பணம் கொடுக்காத கம்பெனி, அந்தத் தொகையைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம். நான் யார் மேலும் வழக்குப் போட வேண்டியதில்லை. அவர்களுடைய ஆடிட்டரே அவர்களைப் பிடித்துக்கொள்வார். எனக்குச் செக் சீக்கிரம் வர ஆரம்பித்தது. அதே சமயம், "நீங்க பதிவு பண்ணியிருக்கீங்களா? அப்ப வேண்டாங்க" என்று சொல்லி வேறு இடம் பார்த்தவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தது. ஒன்றரைக் கோடி வரை விற்பனையுள்ள சிறு உற்பத்தியாளருக்குக் காம்போசிஷன் என்று எளிய வழி இருக்கிறது. கணக்கு சுலபம், வரி குறைவு. ஆனால் அந்த வழியில் போனவர் பில்லில் வாங்குபவருக்கு வரிக் கிரெடிட் கிடைக்காது. ஆகவே பெரிய கம்பெனி அவரிடம் வாங்காது. எளிய வழி கொண்டுபோய் விடும் இடம் சின்னச் சந்தை. மறுபக்கம், ஐந்து கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போட்டால் போதும் என்று 2021-இல் கொண்டுவந்தது நல்ல மாற்றம். வரி அதேதான், ஒரு பைசா குறையவில்லை. காகிதம்தான் குறைந்தது. எனக்கு இதுதான் சரியான வழி என்று படுகிறது.

நான் கற்றுக்கொண்டது

சுருக்கமாக மூன்று சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தரத்தில் சிறியவனுக்குச் சலுகை கேட்கக் கூடாது. என் பட்டறை சின்னது என்பதால் என் உப்பு இனிக்காது. என் ஆள் கை வெந்தால் பெரிய ஆலை ஆளுக்கு வலிப்பதுபோலத்தான் வலிக்கும். சலுகை கேட்கவேண்டியது காகிதத்தில், கால அவகாசத்தில், கடனில்.

இரண்டாவது, தனியாகச் சுமக்க முடியாததைக் கூடிச் சுமக்க வேண்டும். பொது நிலையம் இல்லாவிட்டால் இன்று நான் இங்கே சாயப்பட்டறைக்காரனாக நின்றிருக்க மாட்டேன். அன்றைக்கு நாங்கள் போட்ட பங்குப் பணத்தை உப்பையும் எடுக்கும் முறையில் போட்டிருந்தால், அதற்கு அரசும் அப்போதே கைகொடுத்திருந்தால், இரண்டு தடவை கட்டியிருக்க வேண்டாம். விதி செய்பவர்கள், இதைச் சிறியவன் எப்படிக் கட்டுவான் என்ற கேள்வியை விதி போடும் அன்றைக்கே கேட்க வேண்டும். மூடும் அன்றைக்கு அல்ல.

மூன்றாவது, மாணவர்களுக்கு. உங்களில் பலர் நாளைக்கு ஆடிட்டர் ஆவீர்கள், அதிகாரி ஆவீர்கள், சிலர் பெரிய கம்பெனியில் விதிமுறைகளைக் கவனிக்கும் பிரிவிலேயே உட்காருவீர்கள். ஒரு படிவம் தயாரிக்கும்போது, அதை ராத்திரி பதினொரு மணிக்கு, கையில் சாயக் கறையோடு, ஒருவர் நிரப்பப்போகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரம்பு போடும்போது, அதற்கு ஒரு எண் கீழே நிற்கிறவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. பட்டறை திறந்து கொஞ்ச நாள் கழித்து, எங்கள் நிலையத்தில் ஆர்.ஓ. வழியாக வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசை நண்பரின் தோட்டத்துக்குப் போனேன். அவர் முன்னாலேயே இரண்டு வாய் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது சரிடா மாப்ள. என் கிணறு எப்ப சரியாகும்?" என்றார். கிணறு இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொள்கிறோம். இன்றைக்கு ஒரே காரில்தான் வந்தோம்.